உருகுநிலைக்குப் பதிலாக ஒரு வரி

அந்தப் பத்திரிகையில் ஒரு கட்டுரைக்கு நான்கு பக்கம்தான். ஐந்தாவது பக்கத்தில் ஒரு வரி வழிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேதியியலில் ஒருவன் புதிதாக ஒன்றைச் செய்துவிட்டால், அதை இன்னொருவன் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும். அதற்கென்றே நடக்கும் பத்திரிகை அது. நிதானமாக, நீளமாக எழுத வேறு பத்திரிகைகள் உண்டு. இதில் கட்டுரை வந்து சேர்ந்த தேதியையும் அச்சிடுவார்கள். எல்லா ஓட்டமும் அந்தத் தேதிக்குத்தான். இரண்டு நாடுகளில் இரண்டு கூட்டம் ஒரே பொருளைச் செய்து வைத்திருந்தால், எவன் தேதி முந்தியதோ அவனுடையது அந்தப் பொருள்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் படிப்பு படிவம் இரண்டோடு, அதாவது எட்டாம் வகுப்போடு சரி. அந்தப் பத்திரிகையின் அவசரத்தில் என் இடது கையிலிருந்து இரண்டு விரல் போனது. அப்படித் தெரிந்துகொண்டேன்.

படிவம் இரண்டில் கணக்கு வாத்தியார் என் தலையைக் கரும்பலகையில் மோதினார். நான் நாற்காலியைத் தூக்கி அவர்மேல் போட்டேன். அன்றைக்கு வெளியே வந்தவன் திரும்பப் போகவில்லை. செடெனாக் பக்கம் பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரியில் இருந்தேன். துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கிக் கழுவினேன். சிங்கப்பூரில் சாரம் கட்டினேன். எங்கேயும் இரண்டு வருடம் முழுதாக நின்றதில்லை. பாதி இடங்களில் சலித்துப் போய்க் கிளம்பினேன். மீதி இடங்களில் அடித்துவிட்டோ அடிவாங்கிவிட்டோ கிளம்பினேன். தொட்டி கழுவும்போது ஒருவன் ஏணியைத் தூக்கி என் முதுகில் இறக்கினான். மழை பிடித்தால் இன்றும் குனிய முடியாது. அவன் முன்பற்கள் இரண்டும் இப்போது இல்லை. கணக்கு சரி.

ஜொகூர் பாருவை ஒட்டிய தம்போயில் ஒரு கடை வரிசையின் மாடியை ஒரு தனியார் கல்லூரி வாடகைக்கு எடுத்து ஆய்வுக்கூடமாக வைத்திருந்தது. கீழே கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை. மேலே நாங்கள். சாய நாற்றம் மேலே வரும், எங்கள் நாற்றம் கீழே போகும். பட்டறை முதலாளியான சீனத் தவுக்கேயும் நாங்களும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. என் வேலை கண்ணாடிச் சாமான் கழுவுவது, திரவப் பீப்பாய்களை ஏற்றி இறக்குவது, கழிவைத் தனித்தனியாகப் பிரித்து வைப்பது. எண்ணெய்த் தொட்டியோடு ஒப்பிட்டால் குளிர்சாதன வசதியோடு சும்மா இருப்பது மாதிரி. அதனால்தான் ஒரு வருடம் தாண்டியும் இருந்தேன்.

ஆய்வுக்கூடத்தை நடத்தியவர் சிலோன் தமிழர். டாக்டர் என்றுதான் கூப்பிடுவோம். மருந்து தரும் டாக்டர் இல்லை, வேதியியலில் பட்டம் வாங்கியவர். ஐம்பது வயது இருக்கும். அப்பா, தாத்தா எல்லாரும் அரசாங்க உத்தியோகம். வீட்டில் பேசிய தமிழை அப்படியே வைத்திருந்தார். என்னையும் 'நீர்' என்றுதான் சொல்வார். கோபம் வந்தாலும் 'நீர்' மாறாது. ஆனால் கையில் இருப்பது பறக்கும். குடுவை, கோப்பு, தொலைபேசி, எது இருக்கிறதோ அது. ஒருமுறை எறிந்த குடுவை ஆய்வு மாணவியின் காதுக்கு ஒரு சாண் தள்ளிச் சுவரில் உடைந்தது. அவள் குனிந்து துண்டுகளைப் பொறுக்கினாள். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

அந்த மாணவிக்கு இருபத்தேழு வயது. செடெனாக் தோட்டத்து வீட்டிலிருந்து வந்தவள். நான் குலை ஏற்றிய அதே ரோட்டில் அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். நான் தங்கச்சி என்பேன், அவள் அண்ணே என்பாள். அவள் பெயர் முதலில் வரும்படி ஒரு கட்டுரை அச்சேறினால்தான் ஆய்வேட்டை ஒப்படைக்கலாம் என்பது கல்லூரியின் விதி. மூன்று வருடமாக அந்த ஒரு கட்டுரைக்காகத்தான் அந்த மாடியில் நின்றுகொண்டிருந்தாள்.

அவள் செய்திருந்த பொருளின் பெயரை என்னால் உச்சரிக்க முடியாது. எப்போதும் ஒரு திரவத்தில் கரைத்துத்தான் வைத்திருப்பாள். கரைசலாக இருக்கும்வரை சாது. அதை வைத்து அடுத்த அடுத்த பொருள்களைச் செய்து, எழுதி, அந்த அவசரப் பத்திரிகைக்கு அனுப்பினார்கள். பத்திரிகை அதை மூன்று மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பியது. இருவர் சரி என்றார்கள். மூன்றாமவர் ஒரு கேள்வி கேட்டார். இந்தப் பொருளைக் காயவைத்துப் பொடியாக்கினால் எந்த வெப்பத்தில் உருகும்? உருகுநிலையைக் கட்டுரையில் சேர்த்துப் பத்து நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள்.

பத்து நாள் தாண்டினால் புதுக் கட்டுரையாகக் கணக்கெடுப்பார்கள். பழைய தேதி போய்விடும். வேறொரு நாட்டில் வேறொரு கூட்டம் இதே பொருளைச் செய்துகொண்டிருப்பது டாக்டருக்குத் தெரியும். அன்றைக்கு அவர் எதையும் எறியவில்லை. "காய வையும்" என்று மட்டும் அவளிடம் சொன்னார்.

மூன்றாவது நாள் பொடி தயார். கண்ணாடிப் புனல் ஒன்று உண்டு. அதன் அடியில் துளைத் தகடு மாதிரி சொரசொரப்பான கண்ணாடி இருக்கும். திரவம் கீழே இறங்கிவிடும், பொடி மேலே தங்கும். அதைக் காற்று உறிஞ்சிய சாடிக்குள் வைத்துக் காயவிட்டிருந்தாள். கற்கண்டை இடித்த மாதிரி வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, பிளாஸ்டிக் கரண்டியால மெதுவா எடுத்து இந்தச் சின்ன பாட்டில்ல போட்டுடுங்க. டாக்டர் கூப்புடுறாரு, வந்துர்றேன்."

பிளாஸ்டிக் கரண்டி மெல்லியது. வளைந்தது. பொடி குழம்புச் சட்டி அடியில் பிடித்த மாதிரி பிடித்திருந்தது. எண்ணெய்த் தொட்டியில் ஒட்டியிருப்பதை நாங்கள் இரும்பால்தான் சுரண்டுவோம். கையும் அப்படித்தான் பழகியிருந்தது. பக்கத்தில் இருந்த எஃகுக் கரண்டியை எடுத்தேன். அது என் தப்பு. யார் கேட்டாலும் அதை நான் மறைத்ததில்லை.

ஆனால் சுரண்டியதாக எனக்கு நினைவில்லை. கரண்டியின் நுனி பொடியின் ஓரத்தில் பட்டது. அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

பிறகு நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். புனல் இல்லை. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும் தோலில் தொங்கிக்கொண்டிருந்தன. கன்னத்தில் கண்ணாடித் துண்டுகள். வலது காதில் ஒரே ஊதல். சட்டை முழுக்க ரத்தம். அது எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஓடி வந்து துப்பட்டாவைக் கிழித்து மணிக்கட்டில் இறுக்கிக் கட்டினாள். பல்லால் முடிச்சுப் போட்டாள். டாக்டர் வாசலில் வந்து நின்றார். அவர் வாய் அசைந்தது. ஊதலுக்கு நடுவே ஒரு கேள்வி மட்டும் கேட்டது.

"பவுடர் மிச்சம் இருக்கோ?"

தவுக்கே தன் வேனில் என்னை ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வழியெல்லாம் அலமாக், அலமாக் என்று மலாயில் ஐயோ போட்டுக்கொண்டே வந்தார். தொங்கிய இரண்டு விரலையும் எடுத்துவிட்டார்கள்.

சாயங்காலம் டாக்டர் வார்டுக்கு வந்தார். கட்டிலில் உட்காரவில்லை.

"போத்தல் உடைஞ்சு வெட்டினது எண்டு சொல்லும்."

"வெட்டுனா வெரல் கருகுமா டாக்டர்?"

"வெடிச்சது எண்டு சொன்னா அரசாங்கப் பாதுகாப்பு அதிகாரிகள் வந்து பூட்டுவினம். அந்தப் பிள்ளையின்ர மூண்டு வருசம் போகும். உமக்கு அது விருப்பமோ?"

எனக்கு விருப்பமில்லை. போத்தல் என்று சொன்னேன்.

பத்து நாள் கெடுவில் ஆறாம் நாள் அவள் என்னைப் பார்க்க வந்தாள். மைலோ பாக்கெட்டும் ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். கொஞ்ச நேரம் என் கட்டைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்தாள்.

"என்ன சொல்ல வந்த, சொல்லு" என்றேன்.

"நாளன்னைக்குக் காலைல மறுபடி எடுக்கணும் அண்ணே. புதுசா செஞ்சு காய வெச்சிருக்கேன்."

"என்னத்த?"

"அதே பவுடர்."

"உனக்கு வெரல் கூடிப் போச்சா?"

"டாக்டர் சொல்றாரு, நீங்க இரும்பால சொரண்டுனதுதான் காரணமாம். பிளாஸ்டிக்னா ஒண்ணும் ஆகாதாம்."

"அப்ப அவரு எடுக்கட்டும்."

"அவரு கையெழுத்துதான் போடுவாரு லா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "எடுத்ததும் ஒரு மெல்லிசான கண்ணாடிக் குழாய்க்குள்ள தட்டித் தட்டி எறக்கணும். அப்புறம் சூடு காட்டணும். அப்பதான் உருகுநிலை தெரியும்."

"தட்டணும், சூடு காட்டணும்."

"ஆமா."

"மூஞ்சிக்குப் பக்கத்துல வெச்சு."

"கிட்ட வெச்சுதான் பாக்க முடியும்."

அவள் போன பிறகு படுத்து யோசித்தேன். டாக்டர் சொல்வது உண்மையாக இருந்தால் அவளுக்கு ஒன்றும் ஆகாது, முட்டாள் நான்தான். பொய்யாக இருந்தால் அவள் விரல் போகும். குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் போகும். எது உண்மை என்று எனக்கே நிச்சயமில்லை. சுரண்டினேனா, தொட்டேனா? அந்த ஒரு நொடியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கரண்டி நுனி ஓரத்தில் படுவதோடு படம் அறுந்துபோனது.

எட்டாம் நாள் காலை வார்டை விட்டு நடந்தேன். யாரிடமும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கால்சட்டை, தவுக்கே கொடுத்த பனியன், கடையில் வாங்கிய ஜப்பான் சிலிப்பர் செருப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கட்டைப் பார்த்துவிட்டு எழுந்து போய் நின்றுகொண்டார். தம்போயில் இறங்கிப் பின் சந்து வழியாக இரும்புப் படி ஏறினேன்.

சாடி திறந்திருந்தது. புதுப் புனல் ஒன்று பொடியோடு மேசை மேல் இருந்தது. அவள் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பு மாட்டி, இரண்டு அடுக்குக் கையுறை போட்டு, பிளாஸ்டிக் கரண்டியோடு நின்றாள். டாக்டர் வாசலுக்கு வெளியே, நடைபாதையில், கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நீங்க ஏன் அங்க நிக்கிறீங்க டாக்டர்?" என்று கேட்டேன்.

திரும்பினார். "நீர் ஏன் இஞ்ச வந்தீர்?"

"பிளாஸ்டிக்னா ஒண்ணும் ஆகாதுன்னீங்களாமே. கிட்டப் போய் நில்லுங்களேன்."

"வெளியில போம்."

"தங்கச்சி, கரண்டிய வை."

அவள் வைத்தாள். வைத்த சத்தத்துக்கே நாங்கள் மூவரும் தோளைக் குறுக்கினோம். டாக்டரும்தான். அதைப் பார்த்தபோது எனக்குப் பாதி விளங்கிவிட்டது.

உள்ளே போய் வலது கையால் புனலைத் தூக்கினேன். ததும்பத் ததும்ப ஊற்றிய காப்பிக் கோப்பையைத் தூக்குவது மாதிரி தூக்கினேன். அவள் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நான் பின்பக்கக் கதவை நோக்கி நடந்தேன். டாக்டர் சுற்றி ஓடி வந்து படிவாசலை மறித்தார். இப்போது கிட்டத்தான் நின்றார். பொடி போனால் கட்டுரை போகும் என்ற பயம் மற்றப் பயத்தைத் தின்றுவிட்டது.

"அதை அங்கினயே வையும்."

"வழி விடுங்க. கீழ வெச்சு ஒரு சோதனை பாத்துட்டு வந்துர்றேன்."

"சோதனையோ? நீரோ? ரெண்டாம் படிவம் படிச்ச நீர் எனக்குச் சோதனை காட்டப் போறீரோ?"

என் கட்டுப் போட்ட கையைப் பிடித்தார். தெரிந்துதான் பிடித்தார். தையல் போட்ட இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். கண் இருண்டது. வலது கையில் புனல் இருந்ததால் அசைக்க முடியவில்லை. மிச்சம் இருந்தது தலைதான். நெற்றியால் அவர் மூக்கில் ஒரு மோது மோதினேன். எலும்பு ஒடிந்ததை நெற்றியிலேயே உணர்ந்தேன். அவர் கையை விட்டார். மோதிய அதிர்ச்சி என் தோள் வழியாக வலது கைக்கு இறங்கியது. புனல் ஆடியது. நான் அசையாமல் நின்றேன். அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றார். வெடிக்கவில்லை. நான் அவரைத் தாண்டி இறங்கினேன்.

பின் சந்தில் சாக்கடை மூடியின் மேல் புனலை வைத்தேன். பட்டறைப் பையன்களைப் பார்த்துக் கத்தினேன், அவர்கள் உள்ளே ஓடினார்கள். மறுபடி படியேறி நடுத்தட்டில் நின்றேன். அவளும் மேலே கதவருகே வந்திருந்தாள்.

"இரும்பு இல்ல, பாத்துக்க" என்று சொல்லி, காலிலிருந்து ஒரு சிலிப்பரைக் கழற்றினேன். முழுக்க ரப்பர். குறி பார்த்துப் போட்டேன். தவறியது.

"அண்ணே" என்றாள்.

இரண்டாவது சிலிப்பரைப் போட்டேன். அது புனலின் வாயில் விழுந்தது.

சத்தம் சந்தின் இரண்டு பக்கச் சுவரிலும் அடித்துத் திரும்பியது. சாக்கடை மூடி இரண்டாகப் பிளந்தது. பட்டறையில் புதிதாகச் சாயம் அடித்து நிறுத்தியிருந்த காரின் கதவில் கண்ணாடித் துண்டுகள் முள் முள்ளாகக் குத்தி நின்றன. சிலிப்பரின் வார் மட்டும் மின்கம்பியில் தொங்கியது. தவுக்கே வெளியே வந்து காரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீ கீலா கா?" என்று கேட்டார். பைத்தியமா என்று கேட்டார். நியாயமான கேள்வி.

டாக்டர் படியிறங்கி வந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வாயில் இறங்கி, சட்டையில் சொட்டியது. பின்னாலிருந்து என் இடுப்பில் உதைத்தார். நான் மீதிப் படிகளில் உருண்டு கீழே விழுந்தேன். விழுந்தவனை மறுபடி உதைத்தார். விலாவில் இரண்டு, முகத்தில் ஒன்று. நான் அவர் கணுக்காலைப் பிடித்து இழுத்தேன். அவரும் விழுந்தார். ஒற்றைக் கையால் எத்தனை குத்து குத்தினேன் என்று எண்ணவில்லை. பட்டறை ஆட்கள் நான்கு பேர் வந்து பிரித்தார்கள். பிரித்தவர்களில் ஒருவனுக்கும் ஒரு குத்து விழுந்தது, அவன் என்னைத் திருப்பிக் குத்தினான்.

டாக்டர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டார். மேலே நின்ற அவளைப் பார்த்தார். இப்போதாவது விடுவார் என்று நினைத்தேன்.

"நாளைக்கு இன்னொரு தரம் செய்யும்" என்றார். "கொஞ்சமாச் செய்யும். ஒரு சிட்டிகை போதும். இன்னும் ரெண்டு நாள் இருக்கு."

சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போய்விட்டார்.

நான் சந்தில் உட்கார்ந்து வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினேன். என் சோதனையால் ஒரு பலனும் இல்லை. ரப்பருக்கும் வெடிக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டுப் போகிற மனிதரிடம் வேறு என்ன காட்ட முடியும்? நாளைக்கு ஒரு சிட்டிகை. ஒரு சிட்டிகை ஒரு கண்ணுக்குப் போதும்.

"அண்ணே, மேல வாங்க" என்று அவள் கூப்பிட்டாள்.

டாக்டரின் அறையில், டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பத்திரிகையின் இணையப் பக்கம் கணினியில் திறந்திருந்தது. அந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. கட்டுரையை ஏற்றி அனுப்பும் வேலையை டாக்டர் தன் கையால் செய்ததே இல்லை. அது குமாஸ்தா வேலை என்பது அவர் எண்ணம். அவர் பெயரில் உள்ள கணக்கு, அதன் கடவுச்சொல் எல்லாம் அவளிடம்தான். மூன்று வருடமாக டாக்டர் பெயரில் அனுப்புவது அவள்தான்.

"உருகுநிலை இல்லாம அனுப்புனா வாங்குவாங்களா?" என்று கேட்டேன்.

"ஏன் இல்லன்னு சொல்லணும். சொன்னா வாங்குவாங்க. ஆபத்து இருந்தா கட்டாயம் எழுதணும்னு அவங்க விதியே இருக்கு. டாக்டருக்கும் தெரியும்."

"அப்புறம் ஏன் எழுதல?"

"எழுதுனா எப்படித் தெரியும்னு கேப்பாங்க. யாருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க." அவள் என் கட்டைப் பார்த்தாள். தையல் பிரிந்து துணி நனைந்திருந்தது. "எப்படிச் சொல்லலாம், சொல்லுங்க. நான் இங்லீஷ்ல போட்டுக்கிறேன்."

நான் யோசித்துச் சொன்னேன். இது காய்ந்தால் வெடிக்கும். இரும்பு பட்டாலும் வெடிக்கும், ரப்பர் பட்டாலும் வெடிக்கும். கரைசலாகவே வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒருவருக்கு இரண்டு விரல் போய்விட்டது. அதனால் உருகுநிலை பார்க்கவில்லை.

அவள் தட்டினாள். தட்டி முடித்ததும் கட்டுரை ஐந்தாம் பக்கத்தில் இரண்டு வரி வழிந்தது. மேலே போய்த் தேடினாள். இந்தப் பொருள் பிற்காலத்தில் புற்றுநோய் மருந்துக்கு உதவக்கூடும் என்று டாக்டர் கடைசியில் ஆசையாக ஒரு வாக்கியம் சேர்த்திருந்தார். அதை எடுத்தாள். நான்கு பக்கத்துக்குள் அடங்கியது.

"அனுப்பிட்டா உன்ன என்ன செய்வாரு?"

"தெரியல."

"மூணு வருஷம்."

"கை இருந்தா இன்னும் மூணு வருஷம் நின்னுக்குவேன் லா." அனுப்பினாள்.

நான் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அங்கேயே நின்றேன். அவர் திரும்பி வரும்போது அவள் தனியாக இருக்க வேண்டாம் என்பதற்காக. மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்தார். அவள் எழுந்து நின்று நடந்ததை ஒரே மூச்சில் சொன்னாள். அவர் திரையைக் குனிந்து வாசித்தார். பிறகு விசைப்பலகையைப் பிடுங்கி மேசையில் அடித்தார். எழுத்துப் பொத்தான்கள் அறை முழுக்கச் சிதறின. அதைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கம் கையை ஓங்கினார். நான் நடுவில் வந்தேன். அந்த அடி என் காதில் விழுந்தது, ஊதல் இருந்த காதிலேயே.

"திருப்பி எடும் அதை" என்றார் அவளிடம்.

"எடுக்க முடியாது டாக்டர். அனுப்பிட்டா பூட்டிக்கும்."

"நான் எடுப்பன்."

"எடிட்டருக்கு லெட்டர் எழுதலாம் டாக்டர்." அவள் நிறுத்தவில்லை. "அந்த எச்சரிக்கைய மட்டும் எடுத்துடுங்கன்னு எழுதுங்க. இல்ல, கட்டுரையவே வேணாம்னு எழுதுங்க. தேதி மத்தவங்களுக்குப் போகும்."

வேறொரு விசைப்பலகையைக் கொண்டுவரச் சொன்னார். நான்தான் எடுத்துக் கொடுத்தேன். உட்கார்ந்தார். அன்புள்ள ஆசிரியருக்கு என்று ஆரம்பித்ததை அவள் எனக்கு மெதுவாகச் சொன்னாள். அதற்கடுத்த வரியை அடித்தார், அழித்தார். மறுபடி அடித்தார். பொருள் வெடிக்கும் என்ற வரியை நீக்கும்படி கேட்டுக்கொள்கிறேன் என்று எப்படி எழுதினாலும் அது அப்படித்தான் வாசிக்கப்படும். சாயங்காலம் ஆகும்வரை உட்கார்ந்திருந்தார். பஞ்சு சிவந்ததும் மாற்றிக்கொண்டார். கடைசியில் கணினியை அணைத்துவிட்டு எழுந்தார். என்னைப் பார்த்து, "நாளைக்கு வர வேண்டாம்" என்றார். அவளைப் பார்க்கவே இல்லை.

நான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். தையலை மறுபடி போட்டார்கள். போடும்போது திட்டினார்கள், அதைக் கேட்டுக்கொண்டேன்.

கட்டுரை மூன்று வாரத்தில் வந்தது. வரியை மாற்றவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், ஆய்வுக்கூடத்தை ஒரு மாதம் பூட்டினார்கள், பிறகு திறந்தார்கள். அவளை டாக்டர் ஆறு மாதம் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை, ஆனால் ஆய்வேட்டைத் தடுக்கவும் முடியவில்லை. அச்சில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. நான் அதற்குள் ஒரு கோழிப் பண்ணை, ஒரு பஸ் கழுவும் இடம் என்று இரண்டு வேலை மாறியிருந்தேன். எட்டு விரல் எல்லா வேலைக்கும் போதும், கயிற்றில் முடிச்சுப் போடுவதைத் தவிர.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்போயில் ஒரு தேநீர்க் கடையில் அவளைப் பார்த்தேன். ஆய்வேடு கொடுத்துவிட்டாள். இரண்டு தே தாரேக் சொன்னாள்.

"எடிட்டர் டாக்டரைப் பாராட்டி ஒரு கடிதம் போட்டாரு, தெரியுமாண்ணே? பொறுப்பான எச்சரிக்கையாம். மத்த ஆய்வாளருங்களுக்கு முன்மாதிரியாம்."

"கிழிச்சுப் போட்டிருப்பாரே."

"கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்காரு. கோலாலம்பூர் மாநாட்டுல அதைப் பத்திப் பேசவே பேசினாரு. எங்க ஆய்வுக்கூடத்துல பாதுகாப்புதான் முதல்னு."

நான் சிரித்தேன். விலா இன்னும் வலித்தது. அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு அப்புறம் வந்திருக்காரே, ஈப்போக்காரரு, முப்பது வயசு, அவருகிட்டயும் டாக்டர் அதே பொருளைக் காய வைக்கச் சொல்லியிருக்காரு. போன வாரம். வேறொரு கட்டுரைக்கு வேணுமாம்."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். "அடப்பாவி. அந்த ஈப்போ ஆளு என்ன செஞ்சான்?"

"பத்திரிகையைக் கொண்டாந்து மேசை மேல வெச்சாராம். 'நீங்களே எழுதியிருக்கீங்க டாக்டர், காயக் கூடாதுன்னு. சட்டம் போட்டு வேற மாட்டியிருக்கீங்க'ன்னு கேட்டாராம்."

"அதுக்கு?"

"டாக்டர் ஸ்டூலைத் தூக்கி எறிஞ்சாராம். ஈப்போக்காரரு நகந்துக்கிட்டாரு."

"பவுடரு?"

"காய வைக்கல" என்றாள்.